எழும்பூர் மணலில் தொடங்கிய பாடம்

1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்கள் விட்டுச்சென்ற ஆண் பிள்ளைகளுக்காக ஓர் அநாதை விடுதி திறக்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து மதகுரு. சின்னப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அகரவரிசையிலேயே தேங்கி நின்றது அவரை அலைக்கழித்தது. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அது அன்றாடக் காட்சி. மூத்த மாணவன் ஒருவன் புதிதாய் வந்த பிள்ளையின் விரலைப் பிடித்து, பரப்பிய மணலில் 'அ' போடுவான். வாய் 'ஆனா, ஆவன்னா' என்று இழுத்துச் சொல்லும். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் மணலை நிரவிவிட்டு மறுபடி எழுதலாம். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். வாத்தியாருக்கு அடுத்த இடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மாணவர் தலைவனான அவன், சில வேளைகளில் வாத்தியாருக்குப் பதிலாகத் தானே பாடம் ஒப்பிக்கக் கேட்பான். உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தம் பள்ளி நாட்களை நினைவுகூரும்போது இந்தச் சட்டாம்பிள்ளையையும் மறக்காமல் குறிப்பிடுகிறார்.

விடுதிக்குத் திரும்பிய பெல், கடைசி வகுப்புக்கு மணலில் எழுத்து கற்றுத்தரச் சொன்னார். ஆசிரியர் முடியாது என்றார். உடனே அந்த வகுப்பை ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார் பெல். பெரியவர் கைவிட்ட வேலையைச் சிறுவன் செய்து முடித்தான். அதன்பின் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாணவ ஆசிரியன் வந்தான். 1797இல் இங்கிலாந்தில் பெல் இதை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டே லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் அதைப் போன்றதொரு முறையில் பள்ளி தொடங்கினார். ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் எழுத்து படித்தார்கள். பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் பள்ளி ஒன்று இன்றும் நடக்கிறது.

முறை கடல் தாண்டியது சரி. அதைப் பெற்றெடுத்த பள்ளிகள் எப்படி இருந்தன?

இதைத் தெரிந்துகொள்ள விரும்பிய சென்னை மாகாணக் கவர்னர் தாமஸ் மன்றோ, 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். 1,28,50,941 பேர் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரிந்தது. பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கை எண்களோடு நிற்கவில்லை. அவருடைய ஜில்லாவில் 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள், அவர்களில் பெண்கள் வெறும் 60 பேர். மூத்தவன் இளையவனுக்குக் கற்றுக்கொடுத்துத் தன் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் முறையைக் கேம்பல் மனதாரப் பாராட்டினார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றார். குறைகளையும் மறைக்கவில்லை. பாடநூல்கள் பேச்சுமொழிக்கு எட்டாத செய்யுள் நடையில் இருந்தன. பிள்ளைகள் பொருள் புரியாமலே மனப்பாடமாக ஒப்பித்தார்கள். தகுந்த ஆசிரியர்களும் போதவில்லை. எழுத்துக்கூட்டத் தெரிவது வேறு, படித்தது புரிவது வேறு என்பதை ஒரு கலெக்டர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

மன்றோ நோயின் வேரைத் தொட்டார். 1826இல் எழுதிய குறிப்பில், பள்ளி ஆசிரியரின் மாத வரும்படி ஆறேழு ரூபாயைத் தாண்டுவதில்லை, அந்தப் பணத்துக்குத் தகுதியுள்ளவர் யாரும் இத்தொழிலுக்கு வரமாட்டார் என்றார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, ஜில்லாவுக்கும் தாலுகாவுக்கும் அனுப்பத் திட்டமிட்டார். தாலுகா ஆசிரியருக்கு 9 ரூபாய் சம்பளம் என்றும் முடிவானது. மறு ஆண்டே மன்றோ காலமானார். அவர் திட்டப்படி தொடங்கிய பள்ளிகள் தளர்ந்து, 1836இல் கைவிடப்பட்டன. அரசின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி சென்னையில் உருவாக 1856 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுதான்.

இங்கிலாந்தும் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. மாணவத் தலைவன் எழுத்தை ஒப்பிக்க வைப்பான். பிள்ளை எங்கே தடுமாறுகிறது, ஏன் தடுமாறுகிறது என்று கண்டறிய அவனால் ஆகாது. அதனால் 1846இல், 13 வயது மாணவர்களை ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரிடம் தொழில் பழக வைக்கும் ஏற்பாடு வந்தது. அது முன்னோக்கிய அடி. 1862இல் வந்த விதியோ பாதையைத் திருப்பியது. இன்ஸ்பெக்டர் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வார். தேறியவர் கணக்குப்படி பள்ளிக்கு மானியம். பள்ளிகள் வாசிக்கக் கற்றுத்தருவதை விட்டு, தேர்வுக்குரிய புத்தகத்தை நெட்டுருப் போட வைத்தன. தாமே பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டு இதை வெளிப்படையாக எதிர்த்தார். அப்படியும் 1860களிலேயே இந்த மானிய முறை சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

தரத்தை வருடத்துக்கொரு நாள் வந்து அளக்க வேண்டாம், பாடத்துக்குள்ளேயே வைக்கலாம் என்ற எண்ணம் பிற்பாடு ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருப்பெற்றது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகள் அதைத் தழுவிச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. 2007-08இல் அது மாநிலமெங்கும் பரவியது. பாடங்கள் அட்டைகளாகப் பிரிந்தன. ஏணிப்படிபோல் ஒரு வரைபடம் பிள்ளைக்கு அடுத்த அட்டையைக் காட்டியது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது.

செயல்வழி வகுப்பில் பிள்ளைகள் வட்டம் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வட்டம் சகமாணவரின் துணையோடு படித்தது. எழும்பூருக்குப் போன பழைய சட்டாம்பிள்ளையின் வழி அது. புது எழுத்தைத் தொடங்கும் பிள்ளைகளுக்கு வேறொரு வட்டம். அங்கே துணைக்கு உட்கார்ந்தவர் ஆசிரியர்.