உப்பும் வெல்லமும்: வங்கத் தாய்மார் கற்ற மருத்துவம்

கல்வி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன கரும்பலகையும் பாடநூலுமே. பள்ளிவாயிலை மிதித்தறியாத தாய்மார் பல இலட்சம் பேர், தத்தம் வீட்டு முற்றத்திலேயே ஒரு மருத்துவத்தைக் கற்றுத் தேறிய வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் எழுத விழைகிறோம்.

1971ஆம் ஆண்டு வங்கப் போரின்போது, மேற்கு வங்கத்துப் பன்காவ் நகரில் குவிந்த அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், ஒரு லிட்டர் நீரில் குளுக்கோசு 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் கலந்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்கிற்கும் கீழே இறங்கியது. பேதியில் உயிர் போவது உடலின் நீரும் உப்பும் வற்றுவதனாலேயே. சர்க்கரை குடற்சுவரைக் கடக்கையில் உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. சூட்சுமம் இவ்வளவே.

ஆயினும் மருத்துவமனையே இல்லாத சிற்றூர்களுக்கு இதனை யார் கொண்டு செல்வது? வங்கதேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1979இல் சுல்லா வட்டாரத்தில் முயன்று பார்த்து, 1980இல் பெருந்திட்டமாகத் தொடங்கிற்று. மருத்துவம் படிக்காத பெண்கள் குழுக்களாக ஊர் ஊராய்ச் சென்றனர். மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர்: இதுவே பாடம். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்காகும். ஆதலின் தாயே தன் கையால் கலந்து காட்ட வேண்டும். நினைவிற் கொள்ள வேண்டிய செய்திகள் பத்து.

அடுத்து நடந்ததுதான் ஆசிரியர்களாகிய நம்மைத் திடுக்கிட வைப்பது. சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளில் தாயைக் கேள்வி கேட்பார். அவள் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாளோ, அதற்கேற்பவே கற்பித்த பெண்ணுக்கு ஊதியம்! தேர்வு மாணவிக்கன்று, ஆசிரியைக்கு. (நம் பள்ளிகளில் இம்முறை வந்தால் எத்தனை பேர் முழுச் சம்பளம் வாங்குவோம் என்பதை எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறோம்.)

தாய்மார் பாடத்தை ஒப்பித்தனர். ஆனால் குழந்தைக்குப் பேதி கண்டபோது கலந்து கொடுத்தவர் மிகச் சிலரே. காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த பெண்களுக்கே அதில் நம்பிக்கையில்லை எனத் தெரிந்தது. தங்களுக்குப் பேதி வந்தால் அவர்களும் மாத்திரையையே நாடினர்! நிறுவனத்தார் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, துவண்டு கிடந்த நோயாளிகள் வெறும் உப்பு வெல்ல நீரால் எழுந்து அமர்வதைக் கண்ணாரக் காணச் செய்தனர். அதன்பின் அப்பெண்கள் தாய்மாரின் முன் தாமே ஒரு மடக்குக் குடித்துக் காட்டலாயினர். ஆண்களிடம் பேசாததும் ஒரு பிழையென உணர்ந்து, சந்தையிலும் மசூதியிலும் அவர்களைச் சந்திக்க ஆண் ஊழியரையும் சேர்த்தனர்.

1990இல் திட்டம் நிறைவுற்றபோது 1 கோடியே 20 இலட்சம் வீடுகளில் பாடம் நடந்திருந்தது. இன்று கைப்பிடி வெல்லத்தின் இடத்தைச் சரியான அளவுடைய உப்பு சர்க்கரைப் பொட்டலம் பிடித்திருக்கிறது. துத்தநாக மாத்திரையும் உடன் தரப்படுகிறது. அப்பொட்டலம் கடைக்கு வருமுன்னரே, அது எதற்கென்று வங்கதேசத்துக் குடிசைகள் அறிந்திருந்தன.