உளுந்துமாவின் 'முதற்பதிவு'

எங்கட ஓமந்தைப் பக்கம் உளுந்து நல்லாய் விளையும். அம்மம்மா இரவு கரைச்சு வைக்கிற இட்லிமா, விடியப் பானை வாய்வரை பொங்கி நிற்கும். ஏன் எண்டு கேட்டால், "அது அப்பிடித்தான்" எண்டு சொல்லுவா.

காரணத்தை 1965இல் முகர்ஜி, ஸ்டைன்கிரவுஸ் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாவைப் புளிக்க வைப்பதும் வாயுவை விட்டு எழுப்புவதும் முக்கியமாக லியூகொனொஸ்டொக் என்ற லக்டிக் அமில பக்டீரியா. அப்பச்சோடாவும் இல்லை, ஈஸ்டும் இல்லை. தாங்கள் அறிந்தவரை இப்படியொரு செயலுக்கு இதுவே முதற்பதிவு என்றார்கள். கோர்னெல் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளரான ஸ்டைன்கிரவுஸ், உலகின் மரபுப் புளிப்புணவுகள் பற்றிய கைநூலை 1983இல் தொகுத்தார்.

அவிக்கேக்க பக்டீரியா செத்துப்போகும். ஆகவே இட்லியை 'புரோபயோட்டிக்' எண்டு கொண்டாட ஏலாது. கொண்டாட வேண்டியது கைப்பக்குவத்தை. 'முதற்பதிவு' ஆய்விதழுக்குத்தான். அம்மம்மாக்கள் ஒவ்வொரு இரவும் அதே சோதனையைச் செய்தவை, எழுதி வைக்கேல்லை. அவை இருக்கேக்கயே கேட்டு எழுதுவம்.