பாரிஷ் என்னும் சொல்லின் சரித்திரம்

ஞானஸ்நானச் சான்றிதழிலும், திருமண ஓலையிலும், கோவில் ரசீதிலும் ‘பாரிஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லை நாம் அடிக்கடி காண்கிறோம். ‘சர்ச்’, ‘பிஷப்’, ‘டயோசிஸ்’ என்ற சொற்களும் நமக்குப் பழக்கமானவையே. இவையெல்லாம் இங்கிலாந்தில் பிறந்த சொற்கள் என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். உண்மையில் இந்நான்குக்கும் தாய்மொழி கிரேக்கம். யூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் இச்சொற்களின் பூர்வீகத்தைச் சற்று ஆராய்வது நலம். அதிலும் ‘பாரிஷ்’ என்ற சொல், விழாக் கொண்டாடும் பங்கு மக்கள் மனத்தில் இருத்த வேண்டிய ஒரு பாடத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது.

கிரேக்கம் வந்த வழி

நம் ஆண்டவர் பேசிய மொழி அரமேயம். ஆனால் புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கிரேக்க மொழியில். மகா அலெக்சாந்தரின் படையெடுப்புகளுக்குப் பின் கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளுக்கெல்லாம் கிரேக்கமே பொது மொழியாயிற்று. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்க்கும் பணியும் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் தொடங்கிவிட்டது. உரோமையிலும் தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்திலேயே செபித்தனர். பிற்பாடு லத்தீன் வழிபாட்டு மொழியானபோது, வேரூன்றிப் போன கிரேக்கச் சொற்களை அப்படியே ஏற்றுக்கொண்டது. கி.பி. 597-ல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் அனுப்பிய அகுஸ்தீனார் என்ற துறவி தம் தோழர்களோடு இங்கிலாந்தின் கென்ட் நாட்டில் வந்திறங்கினார். அத்துறவிகளின் வழியாக வந்த திருச்சபைச் சொற்கள் ஆங்கிலேயரின் நாவில் உருமாறி நிலைபெற்றன.

‘எப்பிஸ்கோப்போஸ்’ என்றால் மேற்பார்வை செய்பவர். அதுவே ‘பிஷப்’ ஆயிற்று. ‘பிரெஸ்புத்தேரோஸ்’ என்றால் மூத்தவர். அது ‘பிரீஸ்ட்’ ஆயிற்று. பணிவிடை செய்யும் ‘தியாக்கோனோஸ்’ இன்றைய ‘டீக்கன்’. தூதுவன் எனப் பொருள்படும் ‘அங்கெலோஸ்’ இன்றைய ‘ஏஞ்சல்’. தமிழரும் இவ்வுறவுக்கு அயலார் அல்லர். ஆயரை நம் பெரியோர் ‘மேற்றிராணியார்’ என்றழைத்தனர். தாய்நகரம் எனப் பொருள்படும் ‘மெத்ரோப்பொலிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லினின்று பிறந்து, சீரிய மொழி வழியாகக் கேரளக் கரையில் இறங்கி நம்மிடம் வந்த சொல் அது.

லத்தீன் பூசைக் காலத்தில் ‘கீரியே எலேசோன்’ பாடிய பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்பது அதன் பொருள். லத்தீன் பூசையின் நடுவே ஒலித்தாலும் அது கிரேக்கம். அதிலுள்ள ‘கீரியோஸ்’, அதாவது ஆண்டவர், என்ற சொல்லிலிருந்து ‘ஆண்டவருக்குரிய வீடு’ எனப் பொருள்படும் சொல் உண்டாகி, அதுவே ‘சர்ச்’ ஆயிற்று. ‘எலேசோன்’ என்பதன் வேரிலிருந்து, ஏழைகளுக்கிடும் தருமத்தைக் குறிக்கும் ‘ஆம்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது. கோவிலும் தருமமும் ஒரே செபத்துக்குள் அடங்கியிருப்பது நம் சிந்தனைக்குரியது.

வீடு என்னும் வேர்

கிரேக்கத்தில் வீட்டுக்கு ‘ஓயிக்கோஸ்’ என்று பெயர். வீட்டு நிர்வாகம் ‘ஓயிக்கோனோமியா’. அதுவே இன்று நாடாளுமன்றங்களில் விவாதிக்கப்படும் ‘எகானமி’. மக்கள் குடியிருக்கும் உலகம் ‘ஓயிக்குமேனே’. உலகத் திருச்சபை முழுவதற்கும் உரிய பொதுச்சங்கத்தை ‘எக்குமெனிக்கல்’ சங்கம் என்பது இதனாலேயே. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவ்வரிசையில் 21-வது. உயிர்கள் வாழும் சூழலை ஆராயும் கலைக்கு 1866-ல் ஜெர்மன் அறிஞர் ஏர்னஸ்ட் ஹெக்கல் இட்ட பெயரும் இவ்வேரில் பிறந்ததே; அதுதான் ‘இகாலஜி’.

நிர்வாகம் எனப் பொருள்படும் ‘தியோயிக்கேசிஸ்’ என்ற சொல்லை, தியோக்கிளேசியன் பேரரசன் தன் மாகாணங்களைத் தொகுத்துப் பிரித்தபோது உரோமை அரசு பயன்படுத்தியது. கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வதைத்த அவ்வரசனின் ஆட்சிச் சொல்லே பின்னாளில் ஆயரின் ஆளுகைக்குரிய ‘டயோசிஸ்’ ஆயிற்று.

குடியிருப்பான், குடிமகன் அல்லன்

இனி ‘பாரிஷ்’ என்ற சொல்லுக்கு வருவோம். ‘பரா’ என்றால் பக்கத்தில். ‘ஓயிக்கோஸ்’ என்றால் வீடு. பக்கத்தில் குடியிருப்பவன் ‘பரோயிக்கோஸ்’. நாளடைவில், பிற ஊரிலிருந்து வந்து ஒரு நகரில் தங்கியிருக்கும் அந்நியனுக்கு அது பெயராயிற்று. அவன் அவ்வூரில் உழைப்பான். ஆனால் அவ்வூராரின் உரிமைகள் அவனுக்கு இல்லை. சாராளை அடக்கம் செய்ய ஒரு துண்டு நிலம் வேண்டி ஏத்தியரிடம் நின்ற ஆபிரகாம், தம்மை அந்நியன் என்று சொல்லிக்கொள்ளுமிடத்தில் கிரேக்க விவிலியம் இச்சொல்லையே வைத்திருக்கிறது. எம்மாவுஸ் வழியில் உயிர்த்த ஆண்டவரை அடையாளம் காணாத கிலேயோப்பா, எருசலேமில் தங்கியிருக்கும் அந்நியர் நீர் ஒருவர்தாமோ என்ற கருத்தில் கேட்கும் கேள்வியிலும் இதே வேர்ச்சொல் உண்டு.

தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் வெட்கமின்றி இப்பெயரைச் சூடிக்கொண்டனர். இராயப்பர் எனும் பேதுருவின் முதல் நிருபம் விசுவாசிகளை இவ்வாறே அழைக்கிறது. ஏறக்குறைய கி.பி. 96-ல் உரோமைச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய கடிதம், இரு சபைகளையும் அந்தந்த நகரில் அந்நியராய்த் தங்கியிருப்பவை என்று குறிப்பிட்டே தொடங்குகிறது. இவ்வாறு ஓரூரில் தங்கியிருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ‘பரோயிக்கியா’ என்ற பெயர் நிலைத்தது. முதலில் ஆயர் ஒருவரின் முழுப் பகுதியையும் குறித்த சொல், கிராமங்களில் கோவில்கள் பெருகியபின் குரு ஒருவரின் பொறுப்பிலுள்ள சிறு பகுதிக்குரியதாயிற்று. லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குச் சென்று, 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்தில் ‘பாரிஷ்’ என்று குடியேறியது.

சொல் மறந்த பொருள்

இங்கேதான் ஒரு வேதனை நிகழ்ந்தது. இங்கிலாந்தில் ‘பாரிஷ்’ அரசாங்க நிர்வாகப் பிரிவாகவும் ஆயிற்று. 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். ஏழைகள் வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்தால் செலவு கூடுமே என்று அஞ்சினர். எனவே 1662-ல் மற்றொரு சட்டம் வந்தது. புதிதாய்க் குடியேறிய எளியவன் பாரிஷுக்குப் பாரமாவான் என்று தோன்றினால், வந்த 40 நாட்களுக்குள் முறையீடு செய்து, நீதிபதிகளின் ஆணைப்படி அவனை அவனுடைய பழைய பாரிஷுக்கே திருப்பியனுப்பலாம். அந்நியன் என்ற பொருளில் பிறந்த சொல், அந்நியனைத் துரத்தும் எல்லைக் கோடாகிவிட்டது!

இங்கிலாந்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கோவில் எங்கள் தெருவுக்குரியது, தேர் எங்கள் குடும்பத்துக்குரியது என்ற வழக்குகளை நாமும் அறிவோம். ‘உறங்குமிடம்’ என்ற கிரேக்கச் சொல்லே ஆங்கிலத்தில் ‘செமெட்டரி’ ஆயிற்று. அந்த உறங்குமிடத்திலும் சாதியின் பேரால் சுவர் எழுப்பிய வரலாறு தமிழகத் திருச்சபைக்கு உண்டு.

யூபிலி தரும் மருந்து

‘ஜூபிலி’ என்ற சொல், ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லில் பிறந்தது. கிரேக்கம், லத்தீன் வழியாகவே அது ஐரோப்பாவுக்குச் சென்றது. 50-ஆம் ஆண்டில் எக்காளம் ஊதி, அடிமைகளை விடுவித்து, விற்ற நிலத்தை உரியவரிடம் திருப்ப வேண்டும் என்று லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அதற்கு ஆண்டவர் கூறும் காரணம் என்ன? நிலம் அவருடையது, நாம் அவரிடத்தில் தங்கியிருக்கும் அந்நியர். கிரேக்க விவிலியத்தில் இவ்விடத்தில் நிற்கும் சொல் ‘பரோயிக்கோய்’ என்பதே. ஆக, யூபிலியும் பாரிஷும் ஒரே அதிகாரத்தில் சந்திக்கின்றன!

எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் சின்னப்பர் இன்னும் ஒருபடி மேலே அழைத்துச் செல்கிறார். கிறிஸ்துவுக்குள் வந்தவர் இனி ‘பரோயிக்கோய்’ அல்லர், கடவுளின் வீட்டாரே, என்பது அவர் போதனை. அங்கே ‘வீட்டார்’ என்பதற்கு அவர் எழுதிய சொல்லும் ‘ஓயிக்கோஸ்’ என்ற வேரில் வந்ததே. வீட்டுக்கு வெளியே நின்றவனை உள்ளே அழைத்து உட்கார வைத்தவர் கடவுள். அவ்வாறு உள்ளே வந்த நாம், பின்னால் வருபவனுக்குக் கதவடைப்பது தகுமா?

தமிழில் நாம் வழங்கும் ‘பங்கு’ என்ற சொல்லும் அழகானதே. பங்கு எனப் பொருள்படும் ‘கிளேரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லால், மூப்பர்களின் பொறுப்பில் விடப்பட்ட மந்தையை இராயப்பரின் நிருபம் குறிக்கிறது. குருக்களைக் குறிக்கும் ‘கிளெர்ஜி’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்ததும் அதிலிருந்தே. பங்கு என்றால் பலருக்கும் உரியது; ஒருவரே எடுத்துக்கொண்டால் அது பங்காகாது.

பிழைப்புக்காக வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து, ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் குடும்பங்களை இந்த யூபிலி ஆண்டில் நாம் பெயர் சொல்லி அழைப்போமாக. அன்பியக் கூட்டத்திலும், பாடகர் குழுவிலும், பங்குப் பேரவையிலும் அவர்களுக்கு இடம் தருவோமாக. நம் பங்கு ‘பாரிஷ்’ என்ற பெயருக்குத் தகுதியுடையதாய்த் திகழ இறைவன் அருள்புரிவாராக!