ஓலை மடிப்பும் வரைதாளும்

பொருள் செய்யப் புகுவோன் முதற்கண் கோடு இழுக்கிறான். விளக்காயினும் நாற்காலியாயினும், மனத்தில் தோன்றிய வடிவைக் கண்ணுக்குக் காட்டிச் சோதிப்பதும், பிறர்க்கு உணர்த்துவதும் அக்கோடே. தமிழ்க் கைவினைஞனுக்கு இத்தகைய வரைதல் இல்லை, அவன் கைப்பழக்கம் ஒன்றையே நம்பியவன் என்றோர் எண்ணம் கற்றோரிடையேயும் பரவியுள்ளது. சுவாமிமலைப் பட்டறைகளைக் கண்டோர் அவ்வாறு கூறத் துணியார்.

அங்கே படிமம் வார்க்கும் தபதியர் கையாளும் கருவி ஒரு தென்னை ஓலைக் கீற்றேயாகும். ஒடியோலை என்பது அதன் பெயர். செய்யவேண்டிய திருமேனியின் உயரத்திற்குக் கீற்றை நறுக்கி, சிற்ப நூல் வகுத்த கூறுகளின்படி மடிப்பர். உத்தம தசதாலம் என்னும் அளவில் உயரம் 124 கூறுகளாகும். தேவியர்க்குரிய மத்திம தசதாலத்தில் 120. முகம், கழுத்து, மார்பு, உந்தி, முழங்கால் எங்கெங்கே அமையவேண்டும் என்பதை மடிப்புகளே காட்டிவிடும். அந்த அளவில்தான் மெழுகுரு எழுகிறது. சாண் உயரப் படிமமாயினும் ஆளுயரப் படிமமாயினும் கீற்றின் நீளம் மட்டுமே மாறும், விகிதம் மாறாது. அடிக்கோலும் எண்ணும் வேண்டாத இம்முறையை வரைதல் அன்று என்று எவ்வாறு கூறுவது?

கற்சிற்பியோ கல்லின்மேலேயே காவிக்கோடு இடுகிறான். உளி பட்டதும் கோடு மறைந்துபோம். வரைந்ததற்குச் சான்று எஞ்சாமையாலேயே வரையவில்லை என்ற முடிவுக்குப் பின்வந்தோர் வந்தனர் போலும்! கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் வழியே கிழக்குக் கரையோரமாக வடக்கே சென்றால் தெரெங்கானுவின் டூயோங் தீவை அடையலாம். அங்குள்ள மலாய்த் தச்சர் பெருங்கலங்களையும் வரைபடமின்றிக் கட்டிப் புகழ்பெற்றவர்.

எனினும் ஒடியோலைக்கு ஓர் எல்லை உண்டு. மரபறிந்தவனுக்கே அது பேசும். அறியாதவன் கையில் அது வெறும் ஓலை. முன்பின் அறியாத ஒருவனுக்கு வடிவத்தைச் சொல்லியனுப்பும் தேவை ஐரோப்பாவில் படையாலும் இயந்திரத்தாலும் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் காஸ்பார் மோன்ழ் (1746-1818), திண்மப் பொருளைத் தாளில் இரு தளத் தோற்றங்களாகப் பிரித்துக் காட்டும் முறையைக் கோட்டை அமைப்புக்கென வகுத்தார். அது பல்லாண்டு படைமறையாகக் காக்கப்பட்டு, 1799இல் நூலாக வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் பாரிஷ் 1822இல் வெளியிட்ட முறையோ முப்பரிமாணத்தையும் ஒரே படத்தில் அளவு கெடாமல் காட்டுவது. வகுப்புக்கென இயந்திர மாதிரிகளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டவேண்டியிருந்த அவர்தம் உதவியாளர்க்கு விளங்கும் படம் தேவைப்பட்டமையே அதற்குக் காரணம். ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி இது.

இவ்வரைதாள் முறை தமிழகத்தில் பள்ளிப் பாடமானதற்குச் சென்னையில் ஒரு மருத்துவர் வழிகோலினார். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் கலைப்பள்ளி ஒன்றையும், மறு ஆண்டில் தொழிற்பள்ளி ஒன்றையும் தொடங்கினார். 1855இல் அரசு அவற்றை ஏற்றது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்ததே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலை அங்கேதான் முயன்று பார்த்தார்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. வடிவம் ஊர்விட்டு ஊர் சென்றது. ஆயினும் எண்ணுபவன் ஒருவன், செய்பவன் வேறொருவன் என்ற பிளவும் உடன்வந்தது. ஒடியோலை மடித்த கையே மெழுகையும் பிசைந்தது. தாளில் வரைந்த கைக்கு உளி பிடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இவ்விழப்பைச் சிறிதென்று தள்ளுதல் தகாது.

இரண்டும் ஒன்றுகூடிய இடம் குமரிமுனை. கணபதி தபதி (1927-2011) அமைத்த திருவள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம். எஞ்சிய 95க்கு 95 அடிச் சிலை. ஆக 133 அடி. அளவையே பொருளாக்கும் பழைய மரபு இது. ஆனால் கற்களோ கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சோழிங்கநல்லூர் ஆகிய வெவ்வேறு பட்டறைகளில் செதுக்கப்பட்டவை. வடகோடியில் செதுக்கிய கல் தென்கோடிப் பாறைமேல் மற்றொரு கல்லோடு பொருந்தவேண்டுமாயின், ஓலை மடிப்பு மட்டும் போதாது, தாளும் வேண்டும்.