மேசை மேல் கொள்ளிடம்: பொம்மை ரயில் அளவுகளும் ஒரு பழைய போரும்

திருமானூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டும் என்றால் அரியலூர் போக வேண்டும், இல்லையென்றால் கொள்ளிடப் பாலம் தாண்டி தஞ்சாவூர். அப்படிப்பட்ட ஊரில் ஆரம்பித்துப் பொம்மை ரயில் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது நண்பர்களே.

இந்த ஊர் இருப்பது கொள்ளிடத்தின் வடகரையில். இதே ஆற்றின் கரையில், கிழக்கே கும்பகோணம் பக்கம் அன்னகுடி என்ற இடத்தில் 1782 பிப்ரவரியில் திப்பு சுல்தான் ஒரு ஆங்கிலேயப் படையைச் சுற்றி வளைத்துப் பிடித்தார். அந்தப் போரை வீட்டு மேசை மேல் திரும்ப நடத்திப் பார்க்க ஆசைப்பட்டால் ஆறு, கரை, பனைமரம், கூரை வீடு எல்லாம் வேண்டும். உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்காரர்கள் அதற்குப் போய் நிற்கும் இடம் பொம்மை ரயில் கடை! சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரயில்காரர்கள் 1:76, 1:87 என்று விகிதத்தில் பேசுவார்கள். போர் விளையாட்டுக்காரர்களோ சிப்பாய் பொம்மையின் உயரத்தை வைத்து 15 மி.மீ., 28 மி.மீ. என்பார்கள். இரண்டும் எப்படி ஒட்டும்?

முதலில் கொஞ்சம் பழைய கதை. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அப்பாவும் மகனும் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார்கள். 1824-ல் மகன் வெளியிட்ட வடிவத்தில் சிப்பாய் பொம்மையே இல்லை. 1:8000 அளவு வரைபடம், அதன் மேல் சின்னக் கட்டைகள், அவ்வளவுதான். பொம்மைச் சிப்பாய் வந்து சேர்ந்தது லண்டன் பிரிட்டன்ஸ் கம்பெனி 1893-ல் உள்ளே வெற்றிடமாக ஈயத்தில் வார்க்கத் தொடங்கிய பிறகு. அவற்றின் உயரம் 54 மி.மீ. அன்றைய 'கேஜ் 1' பொம்மை ரயிலின் 1:32 அளவுக்கு அது பக்கத்தில் நின்றால் பொருந்தும். எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' இந்தப் பொம்மைகளை வைத்துத் தரையில் விளையாடுவதற்கான புத்தகம்தான். மேசை போதாது, அவ்வளவு பெரிய பொம்மைகள்.

அப்புறம் ரயில்கள் சுருங்கின. 'ஓ' அளவில் பாதி என்பதால் 'எச்.ஓ.', அதாவது 1:87. புனேயில் இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் இந்த அளவில் செய்ததுதான். ஆனால் பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒரு தொல்லை. அவர்கள் நாட்டு எஞ்சின்களே சின்னவை. 1:87-க்குக் குறைத்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? எஞ்சினை மட்டும் 1:76-க்குப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை எச்.ஓ.வின் 16.5 மி.மீ. அகலத்திலேயே விட்டுவிட்டார்கள்! நியாயப்படி 18.83 மி.மீ. இருக்க வேண்டும். இதுதான் 'டபுள் ஓ'. டெபிட்டும் கிரெடிட்டும் ஒத்துப்போகாத கணக்கை அப்படியே மூடி வைத்த மாதிரி. 1938-ல் ஹார்ன்பி டப்ளோ இந்த அளவில் வந்தபிறகு அதுவே நிலைத்துவிட்டது.

1959-ல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பிளாஸ்டிக் சிப்பாய்களை விற்க ஆரம்பித்தபோது பெட்டியில் போட்ட அளவு இதே எச்.ஓ./டபுள் ஓ. விலை மலிவு. 1960-களில் போர் விளையாட்டு சாதாரண வீடுகளுக்குள் வந்ததில் இந்தப் பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, ஒரு மோட்டார் நுழையாததால் பிறந்த அளவு நெப்போலியன் படைகளின் உயரத்தைத் தீர்மானித்தது!

சரி, அன்னகுடிக்கு வருவோம். கர்னல் பிரைத்வைட்டிடம் இருந்தது சுமார் 2,000 பேர், பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். திப்புவிடம் அதைப்போலப் பல மடங்கு, கூடவே லாலியின் பிரெஞ்சுக்காரர்கள். பிரைத்வைட் முகாம் போட்டது திறந்தவெளியில். எதிரி தூரத்தில் இருக்கிறான், நடுவில் பெரிய பெரிய ஆறுகள் இருக்கின்றன என்ற தைரியம். அந்த ஆறுகள் அவரைக் காப்பாற்றவில்லை. ஒதுங்க இடமில்லாத சமவெளியில் சதுரமாக அணிவகுத்து நின்று தாக்குப்பிடித்து, கடைசியில் 18-ம் தேதியோடு எல்லாம் முடிந்தது. ஆக, இந்தப் போரில் காட்ட வேண்டியது இரண்டு: ஆறு, வெட்டவெளி.

இப்போது கணக்கு. கொள்ளிடத்தின் அகலம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டபுள் ஓ அளவில் அது 13 மீட்டர். எந்த வீட்டில் அப்படி ஒரு மேசை இருக்கிறது? 'என்' அளவில் (1:160) ஆறே கால் மீட்டர். 'இசட்' அளவில் (1:220) நாலரை மீட்டர். ரைஸ்விட்ஸின் 1:8000-ல் பன்னிரண்டரை சென்டிமீட்டர்! துப்பாக்கியும் அப்படித்தான். அந்தக் கால மஸ்கட் துப்பாக்கி உருப்படியாகச் சுடும் தூரம் சுமார் 90 மீட்டர். டபுள் ஓ-வில் அது 1.2 மீட்டர். ஆறடிக்கு நாலடி மேசையின் அகலம் முழுக்க ஒரே குண்டில் முடிந்துவிடும்.

அதனால்தான் விளையாட்டுக்காரர்கள் நிலத்துக்கு ஒரு அளவு, பொம்மைக்கு ஒரு அளவு என்று இரண்டு வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம் என்றால் பிரைத்வைட் படைக்கு 100 பொம்மை போதும். வீடுகளைச் சிப்பாயைவிட ஒரு படி சின்னதாக வாங்குவதும் இதற்காகத்தான். 15 மி.மீ. சிப்பாய் கிட்டத்தட்ட 1:100. அதற்குப் பக்கத்தில் 'டி.டி.' அளவு (1:120) வீடு உறுத்தாது, இடத்தையும் அடைக்காது. ரொம்பவும் குறைக்கக் கூடாது. எச்.ஓ. வீட்டின் கதவு 21 மி.மீ. தான் இருக்கும். 28 மி.மீ. சிப்பாய் குனிந்தாலும் நுழைய முடியாது.

அன்னகுடிக்கு 28 மி.மீ. வேண்டவே வேண்டாம். பொம்மைகள் அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் நாலு வீடும் பத்து மரமும் வைத்தால் மேசை நிறைந்துவிடும், வெட்டவெளி காணாமல் போய்விடும். அப்புறம் பிரைத்வைட் ஏன் தோற்றார் என்றே புரியாது. 10 மி.மீ. சிப்பாய்களும் 'என்' அளவு மரங்களும்தான் இதற்குச் சரி. வீடுகளைக் கடையில் வாங்க வேண்டாம், அங்கே கிடைப்பதெல்லாம் ஜெர்மன் கிராமத்து வீடு. அட்டைச் சுவர், அதன் மேல் பிரித்த தேங்காய் நார். கொள்ளிடக்கரைக் குடிசை தயார்.

கடைசியாக ரயிலே வேண்டும் என்பவர்களுக்கு. அரியலூர் என்றதும் பலருக்கும் நினைவு வருவது 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்து. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்றைக்கு அது மீட்டர்கேஜ் பாதை. பொம்மை உலகில் மீட்டர்கேஜ் எங்கே பொருந்துகிறது பாருங்கள்: 1,000 மி.மீ.யை 16.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 60. 28 மி.மீ. சிப்பாயின் அளவோ 1:56-லிருந்து 1:64 வரை. அதாவது கடையில் சுலபமாகக் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம், 28 மி.மீ. ஆட்களின் பக்கத்தில் வைத்தால், அப்படியே அன்றைய அரியலூர் பாதை! இப்போதைய அகலப்பாதைக்கு அது உதவாது. 1:76-ல் 1,676 மி.மீ. என்பது 22 மி.மீ. வரும், அதற்கு 'எஸ்' கேஜ் தண்டவாளம் தேட வேண்டும்.