ஓய்வும் விடுப்பும்: இந்திய விமானியின் வாரம்

1949 ஜனவரி இறுதியில் இந்தியாவில் இரவு அஞ்சல் விமானச் சேவை தொடங்கியது. பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் கிளம்பிய விமானங்கள் நள்ளிரவையொட்டி நாகபுரியில் கூடின. அங்கே அஞ்சல் மூட்டைகளும் பயணிகளும் விமானம் மாறியபின், விடிவதற்குள் அவை தத்தம் ஊருக்குத் திரும்பின. சென்னையில் மாலையில் போட்ட கடிதம் மறுநாளே டெல்லியை எட்டியதுதான் இச்சேவையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் பெருமை. விமானியின் வீட்டுக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்ட வரலாறு அரிது. அயலூர் விடுதியில் தங்காமல் காலையில் வீடு திரும்ப முடிந்தது உண்மையே. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் உறங்கச் சென்று, அவர்கள் உறங்கும் வேளையில் சீருடை அணிந்து கிளம்பும் வாழ்க்கை அது.

இந்த வாழ்க்கையை அளக்க விதிகள் தேர்ந்துகொண்ட அலகு சோர்வு. விமானி களைத்திருந்தால் பயணிக்கு ஆபத்து. எனவே அவர் எத்தனை மணி நேரம் பறக்கலாம், எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதை அரசு வரையறுத்தது. வீடு இக்கணக்கில் எங்கும் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பணிநேர விதிகளில் 'வாரம்' என்ற சொல் நடத்தப்படும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு வார ஓய்வு முடிந்து அடுத்த வார ஓய்வு தொடங்குவதற்குள் 168 மணி நேரத்துக்கு மேல் கடக்கலாகாது என்பது விதி. ஏழு நாளை 24ஆல் பெருக்கினால் 168. அந்த வாரத்தில் ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது, தீபாவளியும் கிடையாது. ஓய்வு செவ்வாய் மாலை தொடங்கி வியாழன் மாலை முடிந்தாலும் விதி நிறைவேறிவிடும். கணவனோ மனைவியோ அலுவலகத்திலும் பிள்ளைகள் வகுப்பறையிலும் இருக்கும் நேரம் அது என்பதை அறிய விதிக்கு வழியில்லை.

குடும்பம் என்ற சொல் இத்துறையின் ஆவணங்களில் நேரடியாக இடம்பெற்ற காலமும் உண்டு. அது வேலையைப் பறிக்கும் காரணமாகவே இடம்பெற்றது. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண் பணியில் சேர்ந்த நான்காண்டுக்குள் மணம் செய்தாலோ, முதன்முறை கருவுற்றாலோ, 35 வயதை எட்டினாலோ வேலை முடிந்தது. உடன் பணியாற்றிய ஆண் ஊழியர்களின் ஓய்வு வயது 58. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் கருவுறுதல் விதியைக் கடுமையாகக் கண்டித்து நீக்கியது. நான்காண்டுத் திருமணத் தடையையோ நியாயமென்று நிலைநிறுத்தியது. அதற்குக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் துணைக்கு அழைத்தது இன்று படிப்போரை வியக்க வைக்கும்.

விமானியின் அறையில் அப்போது பெரும்பாலும் ஆண்கள்தாம். அவர்களுடைய வீட்டை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் எழுதப்படாமலே பணிப்பட்டியலுக்குள் குடிகொண்டிருந்தது. 1985இல் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவுடன் ஃபோக்கர் விமானத்தை ஓட்டிச் சென்றனர். இன்று இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலக அளவோடு ஒப்பிட்டால் மிக உயர்ந்த விகிதம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்த 'வேறொருவர்' யார் என்ற கேள்விக்குப் பணிப்பட்டியல் இன்னும் விடை சொல்லவில்லை.

ஓய்வு நேரமே கூட எளிதில் கிடைத்ததன்று. 2007இல் வந்த மேம்பட்ட விதிகள் 2008 மே மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, 1992ஆம் ஆண்டின் பழைய சுற்றறிக்கைக்கு உயிரூட்டப்பட்டது. எதிர்த்து வழக்காடிய விமானிகள் சங்கங்கள் 2011இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றன. 2024 ஜனவரியில் வெளியான புதிய விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை எனக் கணக்கிடப்பட்ட இரவு 6 மணி வரை நீண்டது. இரவுநேரத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. இவையும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகே 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக வந்தன.

இவ்விதிகளோடு வந்த ஒரு வரி மொழியியல் நோக்கில் மிக முக்கியமானது. வார ஓய்வுக்கு ஈடாக விடுப்பைக் கணக்கிடக் கூடாது என்றது அது. ஓய்வு உடலுக்கு உரியது. விடுப்பு தங்கை திருமணத்துக்கும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் தந்தையின் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. இரண்டையும் வேறு வேறு சொற்களாகவே வைத்திருக்க வேண்டும் என்று இந்திய விமானச் சட்டம் சொன்ன அரிய தருணம் அது. முதன்முறையாக வீட்டுக்கென ஓர் இடம், பெயர் சுட்டாமல், உருவானது.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனமான இண்டிகோ, புதிய விதிகளுக்கு ஏற்பப் போதிய விமானிகளைத் திட்டமிடாததால் ஆயிரக்கணக்கான பறப்புகளை ரத்து செய்தது. நிலையங்களில் பெட்டிகளோடு படுத்துறங்கிய பயணிகளின் படங்கள் எங்கும் பரவின. டிசம்பர் 5ஆம் நாள் இயக்குநரகம் அளித்த தளர்வுகளுள் ஒன்று, ஓய்வையும் விடுப்பையும் பிரித்த அந்த வரியைத் திரும்பப் பெற்றது.