குதிரும் பழஞ்சோறும்: தமிழக வீடுகளில் உணவு வீணாகாமை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டு உணவு விரயம் பற்றிய இன்றைய உரையாடல்களில் ‘நம் முன்னோர் எதையும் வீணாக்கவில்லை’ என்னும் கூற்று, சான்று வேண்டாத உண்மையாகவே எடுத்தாளப்படுகிறது. தானியச் சேமிப்பு, எஞ்சிய சோற்றின் பயன்பாடு, பெண்களின் பதப்படுத்தும் உழைப்பு, இருபதாம் நூற்றாண்டின் பங்கீட்டு முறை, குளிர்பதனப் பெட்டியின் வருகை ஆகியவற்றோடு பொருத்தி இக்கூற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உணவு வீணாகாமைக்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. எஞ்சியதை உண்ண வேண்டியவர் யார் என்பது முன்பே வரையறுக்கப்பட்டிருந்தமையும் காரணம் என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: குதிர், பழஞ்சோறு, மிச்சில், எச்சில், பண்ணையாள், பங்கீடு, குளிர்பதனப் பெட்டி

முன்னுரை

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கை, 2022ஆம் ஆண்டில் உலக அளவில் 105 கோடி டன் உணவு வீணானதாகவும் அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானதாகவும் மதிப்பிடுகிறது. அவ்வறிக்கை தரும் மற்றொரு செய்தி தமிழ்ச் சூழலில் போதிய கவனம் பெறவில்லை. உயர் வருவாய் நாடுகளுக்கும் கீழ்நடுத்தர வருவாய் நாடுகளுக்கும் இடையே, வீட்டு உணவு விரயத்தில் தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 7 கிலோ அளவே வேறுபாடு காணப்படுகிறது. வீணாக்குதல் மேலைநாட்டு வழக்கம், சேமித்தல் நம் மரபு என்னும் எளிய எதிர்நிலையை இந்த எண் ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. மரபு என்று சுட்டப்படுவது எத்தகைய ஏற்பாடு, அதில் யாருக்கு எந்த இடம் இருந்தது என்று கேட்பது இவ்விடத்தில் தேவையாகிறது.

குதிரின் கணக்கு

தமிழக உழவர் வீடுகளின் தானியச் சேமிப்புக் கலன்கள் பலவகைப்பட்டவை. மண்ணால் வனைந்த குதிர், மரப்பலகைகளால் அமைந்த பத்தாயம், மூங்கிலால் முடைந்து சாணம் மெழுகிய கூடு, தரைக்கடியில் தோண்டிய குழி எனப் பகுதிக்கும் வசதிக்கும் ஏற்ப இவை வேறுபட்டன. இவற்றுள் குதிரின் அமைப்பு தனித்து நோக்கத்தக்கது. நெல் மேல்வாயில் கொட்டப்படும். அடிப்புறத்தில் உள்ள சிறு துளை வழியே எடுக்கப்படும். முன்னர்க் கொட்டியது முன்னர் வெளிவரும். பழையதை முதலில் பயன்படுத்துக என்று இன்றைய சேமிப்பு வழிகாட்டிகள் கூறும் விதியை, வீட்டாரின் நினைவாற்றலை நம்பாமல் கலனின் வடிவமே நிறைவேற்றியது.

அரிசியாக அன்றி நெல்லாகவே சேமித்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. உமி நீங்காத நெல்லை வண்டு அரிசியைப்போல் எளிதில் அழிப்பதில்லை. ஆகவே தேவைக்கேற்பச் சில நாள்களுக்கு மட்டும் குத்தி அரிசியாக்குவதே வழக்கமாயிற்று. நெல்லிடையே வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டனர். விதைக்கும் பருப்புக்கும் உரிய துவரையைச் செம்மண் பூசி உலர்த்தி வைத்தனர். சமைத்த பால், தயிர், குழம்பு வகைகள் எறும்பும் பூனையும் எட்டாத உறியில் தொங்கின.

படி, மரக்கால், கலம் என்னும் அளவைகள் களத்துமேட்டுக்கு மட்டும் உரியன அல்ல. 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்னும் வாய்பாட்டைக் கொண்டு, இத்தனை பேர் உள்ள வீட்டுக்கு அடுத்த அறுவடை வரை எத்தனை கலம் வேண்டும் என்று கணக்கிட இயன்றது. நாள்தோறும் உலையில் இடும் அரிசியை உழக்காலும் ஆழாக்காலும் அளந்தனர். உணவுத் திட்டமிடல் என்று இன்று பெயரிடப்படுவதன் ஆண்டுக் கணக்கும் நாட்கணக்கும் இவ்வாறு ஒரே அளவை முறையால் இணைந்திருந்தன.

ஆனால் இக்கணக்கு குதிர் உடையவருக்கே உரியது. தஞ்சைப் பகுதிப் பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அன்றன்று பெற்றதை அன்றன்றே குத்திச் சமைத்த குடும்பத்தின் திட்டமிடல் எல்லை ஒரு நாள். அறுவடைக் காலத்தில் சில வாரங்கள். பண்ணையாளின் கூலியையும் வேலைப் பாதுகாப்பையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேமிக்க எதுவும் இல்லாத வீட்டில் உணவு வீணாகவில்லை என்பதைச் சிக்கனப் பண்பாகப் போற்றுவது பொருந்தாது.

பழஞ்சோறு யாருக்கு?

பெரும்பாணாற்றுப்படை இச்சிக்கலுக்கு மிகப் பழைய சான்று ஒன்றைத் தருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் மருதநிலத்து வளமனைகளைப் பாடும்போது, ஏணிக்கும் எட்டாத உயரமும், முகட்டைத் திறந்து கொட்டிய பல்வகைப் பழந்தானியமும் கொண்ட முதிர்ந்த கூடுகளைக் காட்டுகிறார். அதற்கு ஏறத்தாழ இருபது அடிகளுக்கு முன்பு மற்றொரு காட்சி வருகிறது. உழைப்பால் வலிமை பெற்ற கையையுடைய வினைஞரின் பிள்ளைகள், பழஞ்சோற்றுத் திரளை வெறுத்து, புதிதாக வைக்கோல் வேய்ந்த குடிலின் முற்றத்தில் அவல் இடிக்கின்றனர். புலவரின் நோக்கம் நிலத்தின் வளத்தைப் பாடுவதே. பிள்ளைகள் பழஞ்சோற்றை வெறுக்கும் அளவுக்குப் புதுநெல் மிகுதி என்பது அதன் நேர்ப்பொருள். எனினும் பழந்தானியம் உயர்ந்த கூட்டிலும், பழஞ்சோறு வினைஞர் குடிலிலும் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. நீண்ட காலம் வைத்திருத்தல் ஓரிடத்தில் செல்வத்தின் அடையாளம். மற்றோரிடத்தில் குழந்தையும் சலித்துக்கொள்ளும் அன்றாடம்.

சொற்களும் இந்தப் பிரிவைச் சுமக்கின்றன. விருந்தினர் உண்டபின் எஞ்சியதைத் திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் ‘மிச்சில்’ என்கிறது. அதை உண்பவர் விருந்தோம்பும் இல்லறத்தார், ஆகவே அச்சொல்லில் இழிவு இல்லை. எஞ்சுதல் என்னும் வினையோடு தொடர்புடைய ‘எச்சில்’ என்பதோ, வாய்பட்டது, தீண்டத்தகாதது என்னும் பொருளில் வேரூன்றியது. தானே விரும்பி உண்ணும் மிச்சம் அறமாயிற்று. பிறருக்குத் தள்ளப்பட்ட மிச்சம் இழிவாயிற்று.

சோற்றில் நீரூற்றி இரவு முழுவதும் வைப்பது எளிய, ஆனால் நுட்பமான பாதுகாப்பு முறை. நீர் சோற்றைக் காற்றிலிருந்து மறைக்கிறது. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. அப்புளிப்பு, கெடுக்கும் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. வெப்பமண்டலத்தில் சமைத்த சோற்றை மறுநாள் காலை வரை காக்க இதனினும் மலிவான வழி இல்லை. பழையதும் நீராகாரமும் நிலமுடைய உழவர் வீடுகளிலும் காலை உணவாக இருந்தன என்பது உண்மையே. ஆயினும் பண்ணையாளுக்கும் வீட்டு வேலை செய்தோருக்கும் புழக்கடையில் ஊற்றப்பட்ட பழையது அதே பாத்திரத்திலோ அதே இடத்திலோ பரிமாறப்படவில்லை. பத்து, மடி என்னும் ஆசாரங்களைக் கடைப்பிடித்த வீடுகளில் முந்தைய நாள் சோற்றுக்குச் சில நாள்களில் இடமே இல்லை. அவ்வாறு விலக்கப்பட்டது குப்பைக்குச் செல்லவில்லை. சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டோரிடம் சென்றது. அதனாலேயே அவ்வீட்டார் தாம் உணவை வீணாக்கவில்லை என்று கூற முடிந்தது.

வெயிலும் உழைப்பும்

மாசி முதல் சித்திரை வரையிலான வெயில் தமிழக அடுக்களையின் பதப்படுத்தும் பருவம். புளியைக் கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைத்தல், மிளகாயை உலர்த்துதல், வெங்காய வடகம் உருட்டுதல், சுண்டைக்காயும் மணத்தக்காளியும் கொத்தவரையும் மோரில் ஊறவைத்து வற்றலாக்குதல், மாவடு ஊறப்போடுதல் எனப் பணிகள் தொடர்ந்தன. கடற்கரையில் விற்காத மீன் உப்புக்கண்டமாகவும் கருவாடாகவும் மாறியது. எஞ்சிய சோற்றையும் மிளகாயும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து பாயில் கிள்ளிவைத்துச் சோற்று வடகம் ஆக்கினர். மிஞ்சிய குழம்பைச் சுண்டவைத்து மறுநாளைக்கு மாற்றினர். (சென்னையின் வடகறி விற்காத மசால் வடையிலிருந்து பிறந்தது என்னும் வாய்மொழிச் செய்தியும் இவ்வழக்கத்தின் தொடர்ச்சியே.)

இவ்வுழைப்பு அனைத்தும் பெண்களுடையது. காகம் கொத்தாமல் காவலிருத்தல், மாலையில் பாயைச் சுருட்டி மறுநாள் மீண்டும் விரித்தல், ஊறுகாய்ச் சாடியை நாள்தோறும் குலுக்குதல் ஆகியவை எக்கணக்கேட்டிலும் கூலியாகப் பதியப்படவில்லை. கூட்டுக்குடும்பத்தில் இவ்வறிவு கைப்பழக்கமாகக் கடத்தப்பட்டது. குடும்பம் பிரிந்து நகரத்துக்குச் சென்றபோது அது அச்சுக்கு வர நேர்ந்தது. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ அளவுகளைக் குறித்துச் சமையலைக் கற்பித்தது. அதன் நீண்டகால வரவேற்பு, அருகில் சொல்லித்தர மூத்த பெண் இல்லாத அடுக்களைகள் பெருகியதைக் காட்டுகிறது. 1957இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கப்பட்டது. வீட்டு உணவு நிர்வாகம் பட்டம் பெறும் துறையாயிற்று. வீட்டில் அதைச் செய்தவர் மட்டும் மாறவில்லை.

பங்கீட்டு அட்டை

சென்னை மாகாணம் தன் அரிசிப் பற்றாக்குறையைப் பர்மா இறக்குமதியால் ஈடுசெய்துவந்தது. 1942இல் பர்மா ஜப்பான் வசமானபின் அவ்வரவு நின்றது. 1943இல் சென்னை நகரில் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. வீட்டின் ஆள்தொகையை அரசு எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று வரையறுத்தது. குதிர் உடையவர் மட்டுமே போட்டுவந்த கணக்கை இப்போது ஒவ்வொரு வீடும் போட வேண்டியதாயிற்று. அதுவும் அறுவடைக்கு அறுவடை அன்று, கடைக்குக் கடை. 1952இல் இராஜாஜி அரசு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. 1965இல் வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வேண்டினார். தவிர்ப்பதற்கு வேளைகள் உடையவரை நோக்கிய வேண்டுகோள் அது. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வந்த பின்னரும் அத்திட்டம் கிலோவில் அல்லாமல் படியில் பேசியது. அன்றாடம் வாங்கிச் சமைக்கும் வீட்டின் கணக்கு எந்த அளவையில் இருந்தது என்பதை அரசியல்வாதிகள் அறிந்திருந்தனர்.

குளிர்பதனப் பெட்டி

1958இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் குளிர்பதனப் பெட்டி தயாரிக்கத் தொடங்கியது. தமிழக நடுத்தர வீடுகளில் அது பரவலாக இடம்பெறப் பல பத்தாண்டுகள் ஆயின. அதன் முதற்பயன் மாவு: ஒருமுறை அரைத்த இட்லி மாவு பல நாள்களுக்கு உதவியது, பெண்களின் வேலை கணிசமாகக் குறைந்தது. இதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் குதிரின் வடிவத்தில் இருந்த ஒழுங்கு பெட்டியில் இல்லை. முன்னே வைத்தது பின்னே தள்ளப்படுகிறது. கடைசியாக வைத்ததே கண்ணில் படுகிறது. பழஞ்சோறு மறுநாள் காலையிலேயே முடிவுக்கு வந்தாக வேண்டும். பெட்டியிலுள்ள குழம்புக்கு அத்தகைய கெடு இல்லை. முடிவெடுத்தல் தள்ளிப்போகிறது, பின்னர்க் கெட்டுவிட்டது என்னும் காரணம் கிடைக்கிறது.

பெட்டியோடு மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அரிசி களைந்த நீர், காய்த்தோல், வடித்த கஞ்சி ஆகியவற்றை வாங்கிக்கொண்ட கழுநீர்ப் பானை, மாட்டோடு சேர்ந்து நகர வீடுகளிலிருந்து மறைந்தது. ஐக்கிய நாடுகளின் மேற்குறித்த அறிக்கை உணவு விரயத்தில் தோல், கொட்டை, எலும்பு போன்ற உண்ணாப் பகுதிகளையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஆகவே கழுநீர்ப் பானை இருந்த வீட்டின் எண்ணையும் இல்லாத வீட்டின் எண்ணையும் ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் கழிவைப் பிறப்பிடத்திலேயே பிரிக்குமாறு பணித்தன. எஞ்சிய சோறு இன்று ‘மக்கும் குப்பை’ என்னும் புதிய பெயரைப் பெற்றுள்ளது. புழக்கடையில் பாத்திரத்தோடு காத்திருந்தவரின் இடத்தில், காலையில் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர் நிற்கிறார். மூன்று நாள் பெட்டியிலிருந்த குழம்பை, பிரிக்கப்படாத பிளாஸ்டிக் உறையிலிருந்து கையால் பிரித்தெடுப்பவர் பெரும்பாலும் அவரே.